சரியும் வரைதான் ஆட்டம்: அடுக்கு விளையாட்டுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

குடும்பத்தோடு உட்கார்ந்து போர்டு கேம் ஆடிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். பெரியவர்களுக்குப் பிடித்த ஆட்டத்தில் ஆறு வயதுக் குழந்தையால் பத்து நிமிடம் உட்கார முடியாது. குழந்தைக்குப் பிடித்த ஆட்டத்தில் பகடையை உருட்டுவது, காயை நகர்த்துவது தவிரப் பெரியவர்களுக்கு வேலை இல்லை. இரண்டாவது சுற்றிலேயே யாராவது போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். சதுரங்கம் மாதிரி ஆட்டம் என்றால் இன்னும் மோசம், வேண்டுமென்றே தோற்க வேண்டும். அதைக் குழந்தைகள் எளிதில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். "அப்பா, நீங்க வேணும்னே தோத்தீங்க" என்று சொல்லிவிட்டு என் மகள் காய்களைப் பெட்டிக்குள் போட்ட விதம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது ஒரு மரக்கட்டைக் கோபுரம். அதைச் சுற்றி உட்கார்ந்தபோது யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே ஜெயிக்கத்தான் ஆடினேன். அப்படியும் தோற்றேன். அன்றைக்குத்தான் இந்த வகை ஆட்டங்களை நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

இவற்றுக்குப் பொதுவான பெயர் கைத்திறன் விளையாட்டுகள். மற்ற போர்டு கேம்களில் கை என்பது மூளைக்கு வேலைக்காரன் மட்டும்தான். குதிரையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று முடிவு செய்துவிட்டால், அதை நடுங்கும் விரலால் வைத்தாலும் ஒன்றுதான், ஓங்கித் தட்டி வைத்தாலும் ஒன்றுதான். கைத்திறன் விளையாட்டில் அந்த வைக்கும் செயல்தான் ஆட்டமே. சுலபமான ஒரு சோதனை சொல்கிறேன்: உங்கள் முறை வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தும், செய்ய முடியாமல் போக வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் அது கைத்திறன் விளையாட்டு.

கேரம் ஆடியிருந்தால் இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம். அது சுண்டுகிற வகை. கனடாவில் க்ரோக்கினோல் என்று ஒன்று இருக்கிறது. வட்டப் பலகையில் மரவில்லைகளைச் சுண்டி, நடுவில் இருக்கும் குழிக்குள் விழவைத்தால் 20 புள்ளி. ஒன்டாரியோ மாகாணத்தில் 1876-இல் ஒருவர் தன் மகனுக்குச் செய்துகொடுத்த பலகைதான் இன்று தெரிந்தவற்றில் மிகப் பழையது. இன்னொரு கிளை, அசைக்காமல் எடுப்பது. மிக்காடோ என்ற குச்சி விளையாட்டில் 41 குச்சிகளை ஒரு பிடியாகப் பிடித்து மேஜைமேல் விட்டுவிட்டு, மற்றவை அசையாமல் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எல்லாக் குச்சிகளையும் எடுத்தால் 170 புள்ளி, ஆனால் ஒரே ஆள் அத்தனையையும் எடுத்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது கிளைதான் அடுக்குவது. வீட்டில் எல்லா வயதினரையும் ஒரே மேஜைக்கு இழுப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. அதனால் மீதிக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

அடுக்கு விளையாட்டு என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஜெங்கா. இதை உருவாக்கியவர் லெஸ்லி ஸ்காட். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். பிறகு அவருடைய குடும்பம் கானாவில் இருந்தபோது, அங்கே ஒரு மர அறுவை ஆலையிலிருந்து வந்த கட்டைகளை வைத்து வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து ஆடிய ஆட்டம்தான் இதற்கு மூலம். அதை ஒழுங்குபடுத்தி 1983 ஜனவரியில் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் அவர் அறிமுகம் செய்தார். பெயர் சுவாஹிலி மொழியிலிருந்து வந்தது. 'குஜெங்கா' என்றால் கட்டுவது, 'ஜெங்கா' என்றால் கட்டு. கலைத்து விழவைக்கும் விளையாட்டு என்று ஊரே நினைக்கும் ஒன்றுக்கு 'கட்டு' என்று பெயர் வைத்திருப்பதை நான் ரசிக்கிறேன்.

விதி என்று சொன்னால் நான்கு வரிதான். 54 கட்டைகள், வரிசைக்கு மூன்றாக 18 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசைக்குக் குறுக்காக இருக்கும். உங்கள் முறை வரும்போது, உச்சியில் முழுதாக நிரம்பிய வரிசைக்குக் கீழே எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு கட்டையை ஒரே கையால் உருவி, மேலே வைக்க வேண்டும். வைத்த பிறகு பத்து வினாடி கோபுரம் நின்றால் நீங்கள் தப்பித்தீர்கள்.

இப்போது அந்தக் கோபுரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கட்டை ஒன்றின் நீளம் சுமார் 7.5 செ.மீ., அகலம் 2.5, கனம் 1.5. அதாவது மூன்று கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சரியான சதுரம் வரும். அதனால்தான் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க முடிகிறது. ஆனால் கட்டைகள் எல்லாம் அச்சு அசலாக ஒரே கனத்தில் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. ஆட்டத்தின் உயிரே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒரு வரிசையில் தடித்த கட்டைகள் மேலேயிருக்கும் பாரத்தை முழுக்கத் தாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய கட்டை சும்மா இருக்கும், வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் மாதிரி. அதை உருவினால் கோபுரத்துக்கு ஒன்றுமே ஆகாது.

எது அந்தத் தூங்குமூஞ்சிக் கட்டை என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் நகத்தின் பின்புறத்தால் மெல்ல ஒரு தள்ளு. இறுகியிருக்கும் கட்டை கல் மாதிரி நிற்கும். லேசாக இருப்பது ஒரு நூல் அளவுக்கு உள்ளே போகும், கூடவே 'ஸ்ஸ்' என்று மரத்தோடு மரம் உரசுகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் மேஜையைச் சுற்றி எல்லார் தலையும் முன்னால் வரும். பாதி தூரம் தள்ளியதும் மறுபக்கத்திலிருந்து கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, இடம் வலமாகக் கொஞ்சம் அசைத்து இழுக்க வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் பொல்லாதது. அதுவரை கிடைக்கோட்டில் வந்த கட்டை அங்கே லேசாகத் தலை சாயும், சாயும்போது மேல் கட்டையை நெம்பும். பாதி விபத்து இங்கேதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கோபுரம் ஒரு பக்கம் சாய ஆரம்பித்ததும் பாரம் இடம் மாறும். ஐந்து நிமிடம் முன்பு இறுகியிருந்த கட்டை இப்போது லேசாகிவிடும், லேசாக இருந்தது மாட்டிக்கொள்ளும். ஆகவே முதல் சுற்றில் தட்டிப் பார்த்த தகவலை நம்பிக் கையை வைக்காதீர்கள். 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெங்கா ஆடும் ரோபோ ஒன்றைச் செய்தபோது, கேமரா மட்டும் போதாது என்று அதன் மணிக்கட்டில் விசையை உணரும் கருவி ஒன்றையும் பொருத்தினார்கள். தள்ளிப் பார்த்து, எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று உணர்ந்து, கட்டையை எடுக்கலாமா விடலாமா என்று அது முடிவு செய்தது. சுமார் 300 முயற்சிகளில் அது கற்றுக்கொண்டது. ஆறு வயதுக் குழந்தை இதே வேலையை யாரும் சொல்லித் தராமல் முதல் ஆட்டத்திலேயே செய்கிறது.

உத்தி என்று ஒன்று இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. ஒரு வரிசையில் நடுக்கட்டையை எடுத்தால் இரண்டு ஓரக்கட்டைகள் மிஞ்சும், அதற்குமேல் அந்த வரிசையில் யாரும் கை வைக்க முடியாது. ஓரக்கட்டையை எடுத்தாலோ, மறு ஓரத்தையும் எடுக்க ஒரு வாய்ப்பு மிஞ்சும். கடைசியில் நடுக்கட்டை மட்டும் ஒற்றைக்காலில் நிற்கும். புதிதாக ஆடுபவர்கள் பயத்தில் நடுக்கட்டையாகப் பார்த்து எடுத்து எல்லா வரிசைகளையும் பூட்டிவிடுவார்கள். ஆட்டம் சீக்கிரம் இறுகிப்போகும். ஓரங்களை எடுத்தால்தான் கோபுரம் இடுப்பு ஒடுங்கி, பார்க்கவே வயிற்றைக் கலக்குகிற மாதிரி உயரும். எனக்குப் பிடித்தது அந்த ஆட்டம்தான்.

சரி, ஏன் விழுகிறது? பள்ளிக்கூடத்தில் நிறைமையம் என்று படித்திருப்போம். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிதான் அது. அதிலிருந்து நேர்க்கோடாக ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டால், அது அடித்தளத்துக்குள் விழும் வரை கோபுரம் நிற்கும். வெளியே போனால் சரியும். மூன்று கட்டைமேல் நிற்கும்போது அந்த அடித்தளத்தின் அகலம் 7.5 செ.மீ. ஒற்றைக்கால் வரிசையில் வெறும் 2.5 செ.மீ. கோபுரம் கொஞ்சம் ஆடினாலும் கோடு வெளியே போய்விட இதுதான் காரணம்.

இதைக் கையாலேயே உணர ஒரு சின்ன விளையாட்டு. நான்கு கட்டைகளை எடுத்து மேஜை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். உச்சியில் இருப்பதை அதன் நீளத்தில் பாதி வெளியே தள்ளுங்கள். இரண்டாவதை, மேலே இருப்பதோடு சேர்த்து, கால் பங்கு. மூன்றாவதை ஆறில் ஒரு பங்கு, கடைசியை எட்டில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு முழு நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வரும். அதாவது உச்சிக்கட்டை முழுதுமே மேஜைக்கு வெளியே அந்தரத்தில் நிற்க வேண்டும். கணக்குப்படி அப்படி. கையால் செய்யும்போது இம்மியும் பிசகக் கூடாது என்பதால், ஐந்தாவதாக ஒரு கட்டையைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் சற்றுக் குறைவாகத் தள்ளினால் நிம்மதியாக வரும். என் வீட்டில் ஒரு மழை நாள் மாலை முழுக்க இதிலேயே போனது. ஆட்டமே ஆடவில்லை.

ஜெங்காவில் எடுத்து வைக்கிறோம். வைப்பது மட்டுமே வேலையாக இருக்கும் ஆட்டங்களும் உண்டு, சின்னக் குழந்தைகளுக்கு அவைதான் முதலில் ஏற்றவை. ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 'டியர் அவுஃப் டியர்' அப்படி ஒன்று. 'விலங்குமேல் விலங்கு' என்று பொருள். அடியில் ஒரு மர முதலை. ஆளுக்கு ஏழு மர விலங்குகள். பகடை சொல்கிறபடி முதலை முதுகில் ஒன்றோ இரண்டோ ஏற்ற வேண்டும். பகடையில் கை படம் விழுந்தால் உங்கள் விலங்கு ஒன்றை வேறொருவரிடம் கொடுத்து அவரை வைக்கச் சொல்லலாம். கேள்விக்குறி விழுந்தால் நீங்கள் எதை வைப்பது என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள். பாம்பைக் கொடுப்பார்கள், சந்தேகமே வேண்டாம். எல்லாம் சரிந்தாலும் சரித்தவர் இரண்டு விலங்குகளுக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு வயதுக் குழந்தை அழுதுகொண்டே எழுந்து போகாமல் இருக்க யாரோ நன்றாக யோசித்து வைத்த விதி இது.

அடுத்தது 'ரைனோ ஹீரோ', 2011-இல் வந்தது, இதுவும் ஹாபாவுடையதுதான். சீட்டுகளை மடித்துச் சுவர் நிறுத்தி, மேலே கூரைச் சீட்டு போட்டு மாடி மாடியாகக் கட்ட வேண்டும். கூரையில் கோடு போட்டிருக்கும், அடுத்தவர் அந்தக் கோட்டின்மேல்தான் சுவர் வைக்க வேண்டும். கையில் இருக்கும் கூரைகளை முதலில் தீர்ப்பவருக்கு வெற்றி. இதோடு ஒரு மரக் காண்டாமிருகம் வேறு. அதன் படம் போட்ட கூரை வந்துவிட்டால் அந்தப் பொம்மையைக் கீழ் மாடியிலிருந்து எடுத்து மேல் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். சீட்டு மாளிகைக்குள் பாரமான மரப்பொம்மையை நுழைப்பது என்ற யோசனையே சிரிப்பாக இருக்கிறது, அதிலேயே பாதி வெற்றி.

ஒரு நாள் எட்டாவது மாடி வரை போயிருந்தோம். உட்கார்ந்தால் எட்டவில்லை என்று மகள் நாற்காலிமேல் முழங்காலிட்டிருந்தாள். பொம்மையை மேலே ஏற்றுவது அவள் முறை. இரண்டு விரலால் பிடித்து, உதட்டை மடித்துக்கொண்டு, கூரையின் ஓரத்தில் வைத்தாள். ஓரத்தில் ஏன் வைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கட்டடம் தென்னை மாதிரி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது, அடுத்த முறை என்னுடையது. சாய்ந்த கட்டடத்தில், சாய்ந்த பக்கமே சுவர் வைக்க வேண்டும். நான் சீட்டை எடுக்கக் கை நீட்டியபோதே என் சட்டைக் கை பட்டு எல்லாம் பொலபொலவென்று கொட்டியது. அவள் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

இந்த வகை ஆட்டங்களின் சுகம் எங்கே இருக்கிறது என்பதை அந்த அரை நிமிடம் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஆளுக்கு ஒரு கோபுரம் கட்டவில்லை, எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் முறை முடிந்ததும் நீங்கள் வைத்ததுதான் அடுத்தவருக்கு வினாத்தாள். அதனால் முறை இல்லாதபோதும் கண்ணை எடுக்க முடியாது. மறைத்து வைக்க இதில் ஒன்றும் இல்லை, யார் முன்னிலையில் இருக்கிறார் என்று புள்ளியைக் கூட்ட வேண்டியதில்லை. ஆபத்து எல்லார் கண்ணெதிரிலும் நிற்கிறது. அப்புறம் அந்தச் சரிவு. மற்ற ஆட்டங்களில் தோல்வி என்றால் முகம் தொங்கிப்போகும். இங்கே தோல்விதான் ஆட்டத்தின் உச்சம். மேஜையில் கட்டை சிதறும் சத்தத்தோடு அத்தனை பேரும் அடக்கிவைத்த மூச்சை ஒன்றாக விடுகிறார்கள். தோற்றவரும் சிரித்துவிடுகிறார், பெரும்பாலும்.

பெரியவர்கள் இதில் ஏன் சறுக்குகிறோம்? ஒன்று, அளவுக்கு மீறி யோசிக்கிறோம். இரண்டு, கை. எவ்வளவு ஆரோக்கியமானவர் கையிலும் வினாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 தடவை மிக மெல்லிய நடுக்கம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணமாகத் தெரியாது. பதற்றத்தில் அது பெரிதாகும். நான்கு பேர் உற்றுப் பார்க்கும்போது கேட்கவே வேண்டாம். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு வைப்பதைவிட, மெல்ல வெளியே விட்டுக்கொண்டே வைத்துப் பாருங்கள். மணிக்கட்டையோ முழங்கையையோ மேஜையில் ஊன்றிக்கொண்டாலும் நடுக்கம் குறையும். ஊன்றலாமா கூடாதா என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

இன்னும் ஆழமாக வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஆட்ட வடிவமைப்பாளர் கிளாவுஸ் ஸோஹ் 1987-இல் வெளியிட்ட 'பௌசாக்' ஆட்டத்தில் முட்டை, கூம்பு என்று கோணல்மாணலான மரத்துண்டுகள் ஒரு பையில் வரும். அவரவர் கோபுரம் அவரவருக்கு. ஒவ்வொரு துண்டும் ஏலத்துக்கு வரும், சில நேரம் அதை வாங்க ஏலம், சில நேரம் அது தன் தலையில் விழாமல் இருக்க ஏலம். அடுக்கு விளையாட்டில் பேரமும் சேர்ந்துகொள்வதால் பெரியவர்கள் கூட்டத்துக்கு இது பிரமாதம். 'வில்லா பலெட்டி' கீழ் மாடித் தூண்களை உருவி மேல் மாடிக்கு ஏற்றும் ஆட்டம், ஜெர்மனியின் புகழ்பெற்ற 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதை 2002-இல் வாங்கியது. போட்டியே வேண்டாம் என்றால் 2018-இல் வந்த 'மெனாரா'. எல்லாரும் ஒரே அணி, சேர்ந்து கோயில் கட்டுவார்கள், விழுந்தால் எல்லாருக்கும் தோல்வி. தோற்றால் தாங்காத குழந்தை வீட்டில் இருந்தால் இப்படி ஒரு கூட்டு ஆட்டத்திலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

முதல் முறை ஆடப்போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு நடைமுறைச் சங்கதிகள். மேஜை ஆடக் கூடாது. ஆடினால் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் சொருகுங்கள். மேஜை விரிப்பை எடுத்துவிடுங்கள், யாராவது முனையை இழுக்கத்தான் போகிறார்கள். தரையில் ஆடினால் கம்பளத்தின்மேல் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சின்னத் துண்டுகள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கும் முதியவர்கள் ஆட வந்தால், அவர்கள் எந்தக் கட்டை என்று சொல்ல, பேரக்குழந்தை உருவலாம். இருவரும் ஒரே அணி. சில நாள் அந்த அணிதான் ஜெயிக்கிறது.

மேஜையை யாராவது இடித்து விழுந்தால் யார் கணக்கு? எங்கள் வீட்டுத் தீர்ப்பு, இடித்தவர் கணக்கு. தும்மலுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் உண்மையான தும்மலாக இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்து பெட்டிக்குள் போடும்போது கட்டைகளை எண்ணுங்கள். 54 வர வேண்டும். எங்களுக்கு ஒரு நாள் 53தான் வந்தது. சோபாவை நகர்த்திப் பார்த்தபோது கட்டை கிடைக்கவில்லை, போன வருடம் தொலைந்த காண்டாமிருகம்தான் கிடைத்தது.